‘புக்கிட்’டை வெட்டாதீர்கள்

ரூபி எழுதுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை வேரோடிக் கிடக்கிறது. ஒரே மாட்யூலின் பெயர் பத்து வரியில் பத்து முறை வந்தால் அது அழகற்ற நிரலாம். தலைப்பில் ஒரு ‘இன்க்ளூட்’ போட்டு அந்தப் பெயரைத் துடைத்துவிட வேண்டுமாம். இதை என்னால் ஏற்கவே முடியாது.

நான் மலேசியாவில் ஜுரு ஊர்க்காரன். எங்களைச் சுற்றிப் புக்கிட் தெங்கா, புக்கிட் மின்யாக், புக்கிட் மெர்தாஜாம். மூன்றிலும் புக்கிட் வருகிறதே என்று அதை வெட்டிவிட்டு லோரிக்காரரிடம் ‘தெங்கா’ என்றால் அவர் எங்கே போவார்? செபராங் பிறை தெங்கா என்று மாவட்டமே இருக்கிறது. ‘பி.எம்.’ என்று சுருக்கினாலும் தொல்லைதான்: மெர்தாஜாமும் பி.எம்., மின்யாக்கும் பி.எம்., பள்ளிப் பிள்ளைக்கோ அது மலாய்ப் பாடம்.

நிரலிலும் அப்படித்தான். ஃபைல்யூட்டில்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்புகளை நகர்த்தவும் அழிக்கவும் ரூபியோடு வரும் மாட்யூல். எந்த கிளாஸுக்கும் வெளியே நின்று அதை இன்க்ளூட் செய்தால், அது போய் ஒட்டுவது ஆப்ஜெக்ட் கிளாஸில். அந்த நொடி முதல் நிரலின் ஒவ்வொரு பொருளுக்குள்ளும், ஒரு சரத்துக்குள்ளும் எண்ணுக்குள்ளும்கூட, கோப்பை அழிக்கும் மெத்தட்கள் குடியேறிவிடுகின்றன. ‘பிரைவேட்தானே’ என்பார்கள். கிளாஸுக்குள்ளிருந்து வெறும் பெயரால் கூப்பிட அது தடையே இல்லை. பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்க ‘ரிமூவ்’ என்று எழுதுகிறீர்கள். அந்த மெத்தட்டை வரையறுக்க மறந்துவிட்டீர்கள். இன்க்ளூட் இல்லாதிருந்தால் ‘அப்படி ஒன்று இல்லையே’ என்று ரூபி அங்கேயே நிறுத்தியிருக்கும். இப்போது நிறுத்தாது. ஃபைல்யூட்டில்ஸிடமும் ஒரு ‘ரிமூவ்’ உண்டு. அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் அழித்தே விடும்.

ரூபியில் பணிகளை ஓட்டும் கருவியான ரேக் இந்த வழியில் போய்த் திரும்பி வந்தது. தன் கட்டளைகளை எல்லாப் பொருள்களிலும் ஒட்டி வைத்திருந்ததை விட்டு, 2011இல் வந்த 0.9 பதிப்பில் ‘டிஎஸ்எல்’ என்ற தனி மாட்யூலுக்குள் அடக்கியது.

‘திரும்ப எழுதாதே’ என்ற கொள்கையைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் மூலத்தைப் பார்க்க வேண்டும். ஆண்டி ஹண்டும் டேவ் தாமஸும் 1999இல் ‘தி பிராக்மாட்டிக் புரோகிராமர்’ நூலில் சொன்னது, ஒரு செய்திக்கு நிரலில் ஓரிடம்தான் இருக்க வேண்டும் என்பது. விரல் வலியைப் பற்றி அவர்கள் பேசவில்லை.

முழுக்கக் கணக்கே போடும் ஒரு கிளாஸுக்குள் மட்டும் ‘மேத்’தை இன்க்ளூட் செய்யுங்கள், எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஃபைல்யூட்டில்ஸ் பத்து வரியில் வந்து உறுத்தினால், அந்தப் பத்து வரியும் சேர்ந்து என்ன செய்கின்றன என்று பாருங்கள். பழைய அறிக்கைகளை ஒதுக்கி வைக்கின்றனவா? அந்த வேலையின் பெயரிலேயே ஒரு மெத்தட் எழுதிப் பத்தையும் அதற்குள் வையுங்கள், மாட்யூலின் முழுப் பெயரோடு.