போன் வந்தால் போவாயா, நண்பா?



நம் பாலிடெக்னிக்கில் ரத்த தான முகாம் என்றால் அது ஒரு திருவிழாதான். என்.எஸ்.எஸ்.ஸும் ஒய்.ஆர்.சி.யும் போட்டி போட்டுக்கொண்டு ஆள் பிடிப்பார்கள். மெக்கானிக்கல் முந்தியா, சிவில் முந்தியா என்று நோட்டீஸ் போர்டில் கணக்கு ஏறும். கொடுத்துவிட்டு எழுந்தவன் கையில் பிஸ்கட், ஜூஸ், சர்டிபிகேட். போதாததற்கு மத்தியான வொர்க்‌ஷாப்பிலிருந்து விடுதலை! இதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரத்தம் கொடுத்தவன் அன்றைக்கே கொடுத்து முடித்துவிடுகிறான். பாக்கி கிடையாது.

அதே முகாமில் பக்கத்து மேஜையில் இன்னொரு வேலையும் நடக்கிறது. ஸ்டெம் செல் தானத்துக்குப் பெயர் பதிவு. படிவத்தில் ஒரு கையெழுத்து, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுப்பது, சில நிமிடத்தில் முடிந்தது. இங்கேயும் நாம் அதே மாதிரி தலைகளை எண்ணுகிறோம். எனக்கு இதுதான் தப்பாகப் படுகிறது. இந்த மேஜையில் அன்றைக்கு யாரும் எதையும் கொடுப்பதில்லை. பிறகு கொடுப்பேன் என்று வாக்குதான் கொடுக்கிறார்கள். எண்ணிக் கைதட்டுவதற்கு முன்னால் அது என்ன வாக்கு என்று தெரிய வேண்டாமா?

ரத்தம் தயாராகும் ஃபேக்டரி, எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. அங்குள்ள ஸ்டெம் செல்கள்தான் தாய் செல்கள். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாம் அவற்றிலிருந்தே பிறக்கின்றன. லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோயில் இந்த உற்பத்தி கெட்டு, உருப்படாத வெள்ளையணுக்கள் பெருகி, மற்றவைக்கு இடமில்லாமல் அடைத்துக்கொள்கின்றன. மருந்திலேயே பலர் குணமாகிறார்கள், முக்கியமாகக் குழந்தைகள். மருந்துக்கு அடங்காத நோய்க்கும், அடங்கிவிட்டுத் திரும்பி வரும் நோய்க்கும்தான் பெரும்பாலும் மாற்று சிகிச்சை தேவைப்படுகிறது. கடுமையான மருந்தாலோ கதிர்வீச்சாலோ நோயாளியின் மஜ்ஜையைத் துடைத்துவிட்டு, ஆரோக்கியமான ஒருவரின் ஸ்டெம் செல்களை ரத்தம் ஏற்றுவது போலவே ஏற்றுகிறார்கள். அவை தாமாகவே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய்க் குடியேறிப் புது ரத்தம் உண்டாக்கும். மிச்சம் மீதி புற்றுநோய் செல் ஒளிந்திருந்தால், புதிதாக வந்த எதிர்ப்பு சக்தி அதையும் தேடி அடிக்கும். இதைச் செய்து காட்டிய அமெரிக்க டாக்டர் டொனால் தாமஸுக்கு 1990-ல் நோபல் பரிசு. நம் நாட்டில் 1983-ல் பம்பாய் டாடா மருத்துவமனையும், 1986-ல் நம் வேலூர் சி.எம்.சி.யும் தொடங்கிவிட்டன. இன்று நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே இதற்கு இடம் உண்டு.

சிக்கல் பொருத்தத்தில்தான். ரத்த குரூப் போல நாலைந்து வகை இல்லை. எச்.எல்.ஏ. என்று ஒரு பொருத்தம் பார்க்கிறார்கள். பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருவது. கூடப்பிறந்த ஒருவரோடு முழுப் பொருத்தம் அமைய நாலில் ஒரு வாய்ப்பு. அந்தக் காலத்தில் வீட்டுக்கு எட்டு பிள்ளை. இப்போது ஒன்று, மிஞ்சினால் இரண்டு! ஆகவே வெளியே தேட வேண்டியிருக்கிறது. உலகம் முழுவதும் 4 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பதிந்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் பொருத்தம் வம்சாவளியோடு வருவதால், செங்கல்பட்டுக்காரருக்கு ஜெர்மனியில் ஆள் கிடைப்பதைவிட இங்கேயே கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம். 140 கோடி பேர் உள்ள நம் நாட்டில் பதிந்திருப்பது சில லட்சம் பேர்தான். அதில் பெரும்பகுதியைச் சேர்த்தது 2009-ல் நம் சென்னையில் தொடங்கிய 'தாத்ரி' என்ற பதிவகம். லாப நோக்கமில்லாதது.

சரி, பெயர் கொடுத்த பிறகு என்ன நடக்கிறது?

எனக்கு இரண்டு வருடம் சீனியர் ஒருவர். பெயர் வேண்டாம். முகாமில் பதிந்துவிட்டு மறந்தே போனார். டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் போன். "உங்கள் செல் ஒரு நோயாளிக்குப் பொருந்துகிறது, மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்" என்றார்கள். சந்தோஷமாகப் போய்க் கொடுத்தார். அதுவும் பொருந்தியது. அன்று ராத்திரிதான் வீட்டில் சொன்னார். "வேணாண்டா கண்ணு, நீ எனக்கு ஒத்தப் புள்ள, முதுகெலும்புல ஊசி குத்துவாங்களாம்" என்று அம்மா அழுதார். மாமா வந்தார், சித்தப்பா வந்தார், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் அவர் அந்த நம்பரிலிருந்து வந்த போனை எடுப்பதையே விட்டுவிட்டார். கேம்ப் ரோடு டீக்கடையில் இதை என்னிடம் சொன்னபோது அவர் டீ ஆறிப்போயிருந்தது. அந்த நோயாளி ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் அவருக்குத் தெரியாது. தெரிவிக்கவும் மாட்டார்கள். "வேற யாராவது கெடச்சிருப்பாங்கல்ல?" என்று என்னைக் கேட்டார். நான் என்ன சொல்ல?

அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். அந்த அம்மாவையும் சொல்லமாட்டேன். அவர்களுக்கு யாரும் எதையும் விளக்கவில்லையே! படிவத்தை நீட்டியவன், பேனா கொடுத்தவன், நோட்டீஸ் போர்டில் எண்ணைத் திருத்தி எழுதியவன், எல்லோரும் அன்று சாயங்காலமே வேலையை முடித்துக்கொண்டு லோக்கல் ரயில் ஏறிவிட்டோம்.

அந்த அம்மாவின் பயத்துக்குப் பதில் இருக்கிறது. இப்போது பெரும்பாலும் எலும்பில் ஊசியே கிடையாது. நாலைந்து நாள் தோலுக்கடியில் ஒரு ஊசி போடுகிறார்கள். அதனால் ஸ்டெம் செல்கள் மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு இறங்கி வரும். அந்த நாட்களில் உடம்புவலி, எலும்புவலி, தலைவலி இருக்கும். இல்லை என்று சொல்லிக் கூட்டிப் போவது பொய். பிறகு ஒருநாள் ஒரு கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குள் போகும், வேண்டிய செல் மட்டும் பிரிந்து, மிச்சம் இன்னொரு கை வழியே திரும்ப வரும். சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும். கொடுத்த செல்கள் சில வாரத்தில் திரும்ப ஊறிவிடும். மஜ்ஜையை நேரடியாக எடுக்கும் முறையும் உண்டு. அது மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பது, முதுகுத் தண்டிலிருந்து இல்லை. கொடுப்பவருக்குச் செலவு கிடையாது. காசும் கிடையாது.

அந்த மெஷினைப் பற்றி நம்ம டிபார்ட்மெண்ட்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வேறு வேறு அடர்த்தி உள்ளவற்றைச் சுழற்றிப் பிரிக்கிற சென்ட்ரிஃபியூஜ்தான் அது. பால் பண்ணையில் கிரீம் பிரிக்கும் மெஷினின் தூரத்துச் சொந்தம். ஓடிக்கொண்டே இருக்கும் ரத்தத்தை நிறுத்தாமல் பிரிக்கும் முதல் மெஷின்களில் ஒன்றை 1960-களில் உருவாக்கியவர் டாக்டர் இல்லை. ஜார்ஜ் ஜட்சன் என்ற ஐ.பி.எம். கம்பெனி என்ஜினீயர். அவர் மகனுக்கு லுக்கீமியா. ஆஸ்பத்திரியில் மகனுக்குச் செய்வதைப் பார்த்தவர், இதற்கு ஒரு மெஷின் இருந்தால் என்ன என்று கேட்டு, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்து டாக்டர் எமில் ஃப்ரைரைக்கோடு சேர்ந்து வேலையில் இறங்கிவிட்டார். வொர்க்‌ஷாப்பில் லேத் முன்னால் நின்று அலுத்துக்கொள்ளும் நண்பர்கள் கவனிக்க!

பெண்களின் வீட்டில் பயம் வேறு மாதிரி. "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா என்ன சொல்றது?" இதற்கு மெடிக்கலாகப் பதில் சொல்லிப் பிரயோஜனமில்லை. நம் வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பா, "என் பொண்ணு தப்பு ஒண்ணும் பண்ணலியே, கேட்டா சொல்லிட்டுப் போறேன்" என்றாராம். அப்படிப்பட்ட அப்பாக்கள் இருக்கிறார்கள். ஆனால் அவரிடம் முன்னாலேயே கேட்டிருந்தார்கள் என்பதுதான் விஷயம்.

ஏன் முன்னாலேயே? தேதி குறித்த பிறகு, செல் ஏற்றுவதற்குச் சுமார் ஒரு வாரம் முன்பே நோயாளியின் மஜ்ஜையைத் துடைக்கும் மருந்து ஆரம்பமாகிவிடும். அது ஆரம்பித்த பின் நாம் "வேணாம் சார்" என்றால், அங்கே பழைய ரத்தமும் ஊறாது, புதியதும் வராது. வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு, யாரும் பிடித்து இழுத்துப் போக முடியாது. அந்த உரிமையை முதல் நாளிலேயே பயன்படுத்திவிடுவது எவ்வளவோ மேல்.

இதைக் கேன்டீனில் பேசியபோது ஒரு நண்பர் மடக்கினார்: "இப்பதான் கார் டி செல் வந்துடுச்சே, இன்னும் எதுக்கு அடுத்தவன் செல்லு?" நல்ல கேள்வி. கார் டி செல் என்பது நோயாளியின் சொந்த எதிர்ப்பு அணுக்களை எடுத்து (அதே பிரிக்கும் மெஷினில்தான்), லேபில் அவற்றுக்கு ஒரு புது மரபணுவைக் கொடுத்து, புற்றுநோய் செல்லை அடையாளம் காணப் பழக்கிப் பெருக்கி, திரும்ப உடம்புக்குள் விடுவது. 2012-ல் அமெரிக்காவில் எமிலி ஒயிட்ஹெட் என்ற சிறுமி இதில் பிழைத்தாள். நம் நாட்டில் பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாடா மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய 'நெக்ஸ்கார் 19'-க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டில் 3, 4 கோடி ஆகும் சிகிச்சை சுமார் 40 லட்சம் என்று 2024-ல் சொன்னார்கள். சோதனையில் பலன் கணக்கிடப்பட்ட நோயாளிகளில் 73 விழுக்காட்டினருக்கு நோய் பின்வாங்கியது. பெருமைப்பட வேண்டிய விஷயம், சந்தேகமே இல்லை.

ஆனால் அது 'பி செல்' வகைப் புற்றுநோய்களுக்கு மட்டும், அதுவும் மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு. லுக்கீமியாவில் வேறு வகைகள் இருக்கின்றன, அங்கே இது இன்னும் எட்டவில்லை. இதில் தேறியவர்களில் சிலரையும் டாக்டர்கள் பிறகு மாற்று சிகிச்சைக்குத்தான் அனுப்புகிறார்கள். 40 லட்சம் என்பது மெப்ஸில் வேலை பார்க்கும் ஒரு தகப்பன் கையில் என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா, அம்மாவின் பாதிப் பொருத்த செல்லையே வைத்துச் செய்யும் முறையும் இப்போது வளர்ந்திருக்கிறது. அதனால் ஆள் கிடைக்காதவர்களுக்கு வழி அடைபடவில்லை. இருந்தும், முழுப் பொருத்தத்தோடு இளவயதுக்காரர் ஒருவர் கிடைத்தால் டாக்டர்கள் அவரை விடுவதில்லை. அந்த இளவயதுக்காரர்கள் நாம்தான்!

நம்மிலும் எல்லோரும் இல்லை. பத்தாவது முடித்து வந்த முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்கு இன்னும் 18 ஆகவில்லை, பதியவே முடியாது. அவர்களைக் கூட்டத்தை நிரப்ப உட்கார வைக்காமல், கேட்டுவிட்டு வீட்டில் போய்ப் பேசச் சொல்லலாம். அவர்களுக்கு இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. மூன்றாம் ஆண்டுக்காரர்களுக்குப் படிவத்தை முகாமில் நீட்டவே கூடாது என்பது என் கருத்து. ஒரு வாரம் முன்னால் கொடுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். அம்மா ஒருமுறை அழட்டும், மாமா கருத்து சொல்லட்டும், கேள்வி வரட்டும். அதற்குப் பிறகும் முகாமுக்கு வந்து குச்சியை வாயில் வைக்கிறவன் வந்தால் போதும். நூறு பேர் பதிந்த இடத்தில் முப்பது பேர்தான் பதிவார்கள். நோட்டீஸ் போர்டுக்கு நஷ்டம்தான்!

இன்னொரு சின்ன விஷயம் பாக்கி. பதிந்த பெரும்பாலானவர்களுக்கு அந்த போன் வரவே வராது. வருகிறவனுக்கு எப்போது வரும் என்றும் தெரியாது, ஐந்து வருடம் கழித்தும் வரலாம். அதற்குள் நாம் எங்கே இருப்போம்? ஸ்ரீபெரும்புதூரில் ரூம் எடுத்திருப்போம், சிலர் ஓசூர், சிலர் சிங்கப்பூர். முதல் சம்பளத்தில் புது சிம். படிவத்தில் எழுதிய நம்பருக்கு அடித்தால் "இந்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை" என்று ஒரு அம்மா பேசுவார். மனசு மாறாதவனும் இப்படித்தான் தொலைந்து போகிறான். பிரிவுபசார நாளன்று, குரூப் போட்டோவுக்கு வரிசை நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போடலாம். பதிந்தவர்கள் தங்கள் நம்பரோடு அப்பாவின் நம்பர், ஒரு நண்பனின் நம்பர் என்று மூன்றாக எழுதிக் கொடுக்கட்டும். அதைப் பதிவகத்துக்குச் சேர்த்துவிடலாம். மேஜையில் உட்கார நான் தயார். பேரவைச் செயலாளர் அண்ணன் ஒரு நாற்காலியும் ரிஜிஸ்டரும் கொடுத்தால் போதும்.