தாகத்தை அடக்கி நிறை போட முடியாது

பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலையேறும் நம் பெண்களில் பலர், காலையில் குடித்த ஒரு கோப்பை தேத்தண்ணீரோடு பகல் நிறுவை வரை நிற்கிறார்கள். கூடையோடு போத்தலும் பாரம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் எல்லோருக்கும் தெரியும், ஆனால் கூட்டத்தில் எழுந்து சொல்லக் கூச்சப்படுகிறோம். மலையில் மலசலகூடம் இல்லை. தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும். அட்டைக்கும் பாம்புக்கும் பிறர் கண்ணுக்கும் பயந்து குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள்.

இது உடலுக்கு என்ன செய்கிறது? நம் உடல் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். 50 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு லீற்றரை வியர்வையாக இழந்து, அதை ஈடுசெய்யாவிட்டால் உடல் எடையில் 2 சதவீதம் போய்விடுகிறது. உழைக்கும் சக்தி குறையத் தொடங்குவது ஏறக்குறைய இந்த அளவில்தான். வெயிலில் மேடேறி வேலை செய்பவருக்கு இது சில மணித்தியாலங்களில் நடந்துவிடும். இரத்தத்தின் அளவு குறைவதால் அதே வேலைக்கு இருதயம் வேகமாக அடிக்கிறது. உடற்சூடு ஏறுகிறது. தலையிடி, கிறுகிறுப்பு, சோர்வு வருகின்றன. சரிவில் கால் தடுமாறுகிறது. சிறுநீரை நாள்தோறும் அடக்கினால் நீர்க்கடுப்பும் கிருமித்தொற்றும் வரலாம். காலப்போக்கில் சிறுநீரகத்தில் கல்லும் உண்டாகலாம்.

நுவரெலியாக் குளிரில் தாகம் ஏது என்று சிலர் கேட்பார்கள். அங்கே காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் வியர்த்தது தெரிவதில்லை. குளிரில் தாகமும் மந்தமாகிவிடும். இரத்தினபுரி, களுத்துறை, கேகாலைப் பக்கத்துப் புழுக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே தாகத்தை மட்டும் நம்பாதீர்கள். சிறுநீர் சாயத்தண்ணீர் நிறத்தில் போனால் உடலில் தண்ணீர் போதவில்லை என்று அறியுங்கள்.

பகலுக்குப் பின் கை தளர்ந்து கொழுந்து குறைந்தால் "சோம்பல்" என்று ஏச்சு; நிறை குறைந்தால் அரைப்பேர். தண்ணீர் இல்லாமல் தளர்ந்த உடலுக்குச் சம்பள வெட்டுத் தண்டனையா? இதை நாம் ஏற்க முடியாது.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தொழிற்சாலைக்குள் குடிநீரும் மலசலகூடமும் இருக்க வேண்டும் என்கிறது. கொழுந்தை அரைக்கும் இடத்துக்கு உள்ள உரிமை, அதைப் பறிக்கும் மலைக்கு ஏன் இல்லை?

நாம் கேட்பது இவைதான். வேலை நடக்கும் ஒவ்வொரு மலைக்கும் கொதித்தாறிய தண்ணீர் வர வேண்டும். நிறுவை இடத்துக்கு அருகே பெண்களுக்குத் தண்ணீர் வசதியுள்ள, பூட்டக்கூடிய மலசலகூடம் வேண்டும். கடும் வெயில் நாட்களில் நிழலில் ஓய்வு வேண்டும். அந்த நேரத்துக்காகப் பேர் வெட்டக்கூடாது. கவ்வாத்து வெட்டும், மருந்தடிக்கும் ஆண்களுக்கும் இவை பொருந்தும்.

அதுவரை, பெரட்டுக்கு வரும்போதே போத்தலைக் கொண்டுவாருங்கள். தாகம் வருமுன் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஒருவருக்குக் கிறுகிறுத்தால் நிழலில் இருத்தி ஜீவனி கரைத்துக் கொடுங்கள். பேச்சுத் தடுமாறினால் எதையும் குடிக்கக் கொடுக்காமல், உடம்பை நனைத்து விசிறி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஒவ்வொரு தோட்டத்திலும் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் எந்தெந்த மலையில் தண்ணீரும் மலசலகூடமும் இல்லை என்று எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். கூச்சத்தை விட்டுப் பேசுவோம், சகோதரிகளே. அந்தப் பட்டியலோடுதான் துரையின் மேசைக்குப் போகப் போகிறோம்.