சூதாட்டப் பணத்தில் தழைத்த ‘பொது’ப் பூங்கா

பொதுவெளியைப் பற்றி எழுதும்போது பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியப் பூங்காக்களை எல்லாம் ஒரே வரிசையில் நிறுத்தி, மக்களாட்சியின் வளர்ச்சிக்குச் சான்று என்கிறோம். ஜெர்மனியின் பாட் ஹோம்பர்க் நகரப் பூங்காவை அவ்வரிசையில் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அருகிலுள்ள ஹோம்பர்க் அன்று கடனில் தத்தளித்த ஒரு சிற்றரசின் தலைநகர். 1841இல் பிளாங்க் சகோதரர்கள் அங்கே சூதாட்டக் கூடம் நடத்தும் உரிமையைப் பெற்றனர். ரௌலட் சக்கரத்தில் இரண்டு பூச்சியங்களுக்குப் பதிலாக ஒன்றை மட்டும் வைத்துப் பாரிஸ்காரர்களை ஈர்த்தவர்கள் அவர்கள். (தஸ்தயேவ்ஸ்கி இந்நகரில் பணம் இழந்த கதையை இலக்கிய மாணவர்கள் அறிவர்.) கனிம நீரை ஒரு கோப்பை அருந்துவது, சிறிது உலாவுவது, மறுபடி அருந்துவது என்பதே அக்கால மருத்துவ முறை. உலாவ நிழல் வேண்டும், மாலையில் ஆட மேசை வேண்டும். ஒன்றின் வருவாய் மற்றொன்றை வளர்த்தது. 1850களில் பூங்காவை வடிவமைத்தவர் பிரஷ்ய அரசின் தோட்டக்கலைஞர் பேட்டர் யோசெஃப் லென்னே.

அதே லென்னே 1820களில் மக்டெபர்க் நகராட்சியின் அழைப்பை ஏற்று, அந்நகர மக்களுக்கென்றே ஒரு பூங்காவைத் திட்டமிட்டிருந்தார். வளைந்த பாதை, திறந்த புல்வெளி, மரத்தொகுதி எனக் கையெழுத்து ஒன்றுதான். ஆனால் மக்டெபர்க்கில் பூங்காவுக்கு உரியவர் குடிமகன், ஹோம்பர்க்கில் விருந்தினர். வடிவத்தை மட்டும் வாசிக்கும் நம் பழக்கம் இவ்வேறுபாட்டைத் தவறவிடுகிறது.

1866இல் பிரஷ்யா ஹோம்பர்க்கை இணைத்துக்கொண்டது. 1872இன் இறுதியில் சூதாட்டக் கூடம் மூடப்பட்டது. பூங்கா எஞ்சியது, விருந்தினரும் மாறினர். 1907இல் சிகிச்சைக்கு வந்த சயாம் மன்னர் சூலாலங்கோர்ன் நன்றிக்கடனாக அளித்த தாய் மண்டபம் இன்றும் அங்கே நிற்கிறது. அதைக் கீழை-மேலை நட்பின் சின்னம் என்று சுற்றுலாக் கையேடுகள் போற்றலாம். எனக்கு அது மனநிறைவடைந்த ஒரு விருந்தினரின் பரிசாகவே தோன்றுகிறது. மன்னருக்குத் திறந்த கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 1937இல் நாஜி அரசு ஜெர்மனியின் நீரூற்று நகரங்களில் யூதர்களுக்குக் கட்டுப்பாடுகளை விதித்தபோது, ‘விருந்தினர்’ என்ற சொல்லின் எல்லையை அரசே வரைந்துவிட்டது.

இத்துறையில் ஆய்வு செய்ய எண்ணும் மாணவர்களுக்கு ஒன்று: வரைபடங்களோடு நின்றுவிடாதீர்கள். இத்தகைய நகரங்கள் பருவந்தோறும் விருந்தினர் பட்டியல்களை அச்சிட்டன; பெயர், பட்டம், ஊர், தங்கிய விடுதி எல்லாம் அவற்றில் உண்டு. அவற்றைப் புரட்டுங்கள். பாதைகளைக் கூட்டியவரும் நீர்க்கோப்பைகளைக் கழுவியவளும் அப்பட்டியல்களில் இல்லை.