மூன்றாம் விதி

பல்கலைக்கழக நூலகம் ஒன்று மக்களுக்காக நிகழ்ச்சி நடத்துகிறது என்றால் அது எப்படியிருக்கும் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். வாசலில் ஃப்ளெக்ஸ், உள்ளே குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, மாணவர்களுக்கு வினாடி வினா, வரவேற்புரை முழுக்க வாசிப்பின் அருமை பெருமை. அடுத்த வாரம் அதே வாசலில் நுழையப் பார்க்கும் வெளியாளிடம் அடையாள அட்டை கேட்பார்கள். இல்லையென்றால் துறைத்தலைவரின் கடிதம். துறையே இல்லாதவனுக்குத் துறைத்தலைவர் எங்கிருந்து வருவார்? ஒருமுறை ஒரு நூலகக் காவலாளியிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். “ரூல் அப்படித்தான் சார்” என்றார். அந்த மனிதரைச் சொல்லிக் குற்றமில்லை.

இத்தனைக்கும் தமிழ்நாட்டில் பல்கலைக்கழக நூலகம் என்ற ஒன்று உருப்பெற்ற கதையே வேறு. 1924 ஜனவரியில் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். வகுப்பறையின் இரைச்சலுக்குப் பழகியவருக்குப் புத்தகங்களுக்கு நடுவே தனியே உட்கார்ந்திருக்கும் உத்தியோகம் சில நாட்களிலேயே கசந்துவிட்டது. பழைய வேலைக்கே போய்விடுகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள்.

யூனிவர்சிட்டி கல்லூரியில் கேட்ட பாடங்களைவிட, அங்கே ஊர் ஊராக நூலகங்களுக்குள் ஏறி இறங்கியதுதான் அவரை மாற்றியது என்று நினைக்கிறேன். அவருக்கு வழிகாட்டிய பெர்விக் சேயர்ஸ் கிராய்டன் நகரத்துப் பொது நூலகர். குழந்தைகளும் வேலைக்குப் போகிறவர்களும் வீட்டுப் பெண்களும் தங்கள் இடம்போலப் புழங்கிய நூலகங்களை ரங்கநாதன் அங்கே பார்த்தார். ஊர் திரும்பும்போது சும்மா இருக்க முடியாமல், கப்பலில் இருந்த புத்தகங்களையே தன் புதிய முறைப்படி பகுத்து அடுக்கிப் பார்த்தாராம். 1925-இல் சென்னையில் வந்து இறங்கியவர் வகுப்பறைப் பேச்சை எடுக்கவே இல்லை.

இன்று அவர் பெயர் கோலன் பகுப்பு முறையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நூலக அறிவியல் மாணவர்கள் தேர்வுக்கு உருப்போடும் பெயர். பகுப்பு முறை நூலாக வந்தது 1933-இல். மெட்ராஸ் நூலகச் சங்கத்தை நண்பர்களோடு அவர் தொடங்கியது அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1928-இல். அடுத்த ஆண்டே நூலகப் பயிற்சி வகுப்பு. 1931-இல் ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’. அதாவது, புத்தகத்தை எப்படி அடுக்குவது என்பதை அச்சில் கொண்டுவருவதற்கு முன்னாலேயே யாருக்காக அடுக்குவது என்ற கேள்வியை அவர் தீர்த்துவிட்டிருந்தார். முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே. இதைச் சுருக்கமாகச் சொல்லும் வாசகம் தோன்றாமல் தவித்தபோது எடுத்துக் கொடுத்தவர், கிறிஸ்தவக் கல்லூரியில் அவருக்குக் கணக்கு வாத்தியாராக இருந்த எட்வர்ட் ராஸ்.

எனக்குப் பிடித்தது மூன்றாம் விதி. இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்கிறது. அதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். கேட்டு வருகிறவருக்கு எடுத்துக் கொடுப்பதில் யாருக்கு ஆட்சேபம்? மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று திருப்பிப் போடுகிறது. அலமாரியில் ஒரு புத்தகம் ஆள் தொடாமல் கிடந்தால் அது நூலகரின் கணக்கில் ஏறும் பாக்கி. அந்த வாசகர் எங்கே இருக்கிறார் என்று தேடிக்கொண்டு நூலகர் கிளம்ப வேண்டும். திறந்த அலமாரி, விளம்பரம், சொற்பொழிவு, வெளியூர்ப் பணி எல்லாவற்றையும் இந்த விதியின் கீழேதான் ரங்கநாதன் கொண்டுவந்தார். விழா என்பது அவருக்குப் புத்தகத்துக்கு ஆள் பிடிக்கிற ஒரு வழி, அவ்வளவுதான்.

நூல் வெளியான அதே 1931-ஆம் ஆண்டு, அக்டோபர் 21-ஆம் தேதி, மன்னார்குடி மேலவாசலில் ஒரு மாட்டுவண்டி நூலகத்தைத் தொடங்கி வைத்தார். கனகசபைப் பிள்ளை என்பவர் ஏற்பாடு செய்த வண்டி. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் புத்தகம் ஏற்றிக்கொண்டு போனது. பல்கலைக்கழக நூலகர் ஒருவர் மன்னார்குடிக்குப் போய் மாட்டுவண்டியைத் தொடங்கி வைப்பது தன் வேலைக்கு வெளியே உள்ள காரியம் என்று நினைக்கவில்லை. இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 1948-இல் மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் வந்ததிலும் அவருடைய உழைப்பு உண்டு. இன்று நம் வீட்டுவரியோடு சேர்த்து நூலக வரி கட்டுகிறோமே, அது அந்தச் சட்டத்தின் வழி வந்ததுதான்.

அந்த வரி பொது நூலகத் துறைக்குப் போகிறது. பல்கலைக்கழக நூலகம் வேறு கணக்கு, வேறு அதிகாரம். வரிப்பணம் என்பதில் மட்டும் வித்தியாசமில்லை. இந்தப் பிரிவினைதான் இரண்டையும் தனித்தனிச் சுவர்களுக்குள் வைத்துவிட்டது. வெளியே சில இடங்களில் சுவரை எடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சான் ஹோசே நகராட்சியும் அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2003-இல் எட்டு மாடியில் ஒரே நூலகத்தைத் திறந்தன. சிலிக்கான் பள்ளத்தாக்கில் குடியிருக்கும் நம்மூர்க்காரர்கள் பலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் இடம்தான். கட்டும்போது பேராசிரியர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள், ஆய்வு நூல்கள் பொதுமக்கள் கையில் போய்விடும் என்று. போகத்தான் போயின. அதற்காகத்தானே கட்டினார்கள்! இங்கிலாந்தின் வூஸ்டரில் 2012-இல் திறந்த ‘தி ஹைவ்’ நூலகமும் அப்படியே: பல்கலைக்கழகமும் கவுன்டி நிர்வாகமும் கூட்டு, குழந்தைகள் பிரிவும் ஆவணக் காப்பகமும் ஒரே கூரையின் கீழ்.

நம் ஊரில் உடனே இப்படிக் கட்டிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு ஒரு நாற்காலி, மின்விசிறி, சொந்தப் புத்தகத்தோடு உட்கார அனுமதி என்ற தேவையை 2010-இல் வந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும் 2023-இல் மதுரையில் வந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் ஓரளவு பார்த்துக்கொள்கின்றன. பல்கலைக்கழக நூலகம் அதையே சின்ன அளவில் செய்து என்ன ஆகப்போகிறது? கதை சொல்லலும் ஓவியப் போட்டியும் கிளை நூலகத்திலேயே நன்றாக நடக்கும். வேறெங்கும் இல்லாத எதை இவர்கள் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஆய்வேடுகளை வைத்திருக்கிறார்கள். கரும்பச்சை, மெரூன் காலிகோ அட்டை, தங்க எழுத்து, வரிசை வரிசையாக. ஏரிப் பாசனம், தெருக்கூத்து, கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம், உப்பளத் தொழிலாளர் உடல்நலம் என்று எதைப் பற்றித்தான் இல்லை! ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு ஊரில் நூறு பேர் வேலையைப் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். வினாநிரலின் பிரதி பின்னிணைப்பில் பத்திரமாக இருக்கிறது. பதில் சொன்னவர்களில் எத்தனை பேர் அந்த ஏட்டைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? 2009-க்குப் பிறகு பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி ஆய்வேடுகள் இணையத்தில் ஏறுகின்றன. ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் லட்சக்கணக்கில் கிடக்கின்றன. உப்பளத்துப் பெண்ணுக்கு அதனால் ஒன்றும் கிடைத்துவிடவில்லை. பல ஏடுகள் ஆங்கிலத்தில் வேறு இருக்கின்றன.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. முனைவர் பட்ட வைவா நம் பல்கலைக்கழகங்களில் பொது வாய்மொழித் தேர்வாகத்தான் நடக்கிறது. ஆர்வமுள்ளவர்கள் வரலாம், கேள்வி கேட்கலாம். ஏட்டின் பிரதி நூலகத்தில் பார்வைக்கு இருக்கிறது என்றுகூட அறிவிப்பில் அச்சடிப்பார்கள். வருகிறவர்கள் யார்? துறை மாணவர்கள், ஆய்வாளரின் அப்பா அம்மா, கல்லூரித் தோழிகள். கேள்விகள் பெரும்பாலும் முன்கூட்டியே பங்கிடப்பட்டிருக்கும். பிறகு மதியச் சாப்பாடு. அறிவிப்பின் ஒரு பிரதி அந்த ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

என் யோசனை எளியது. ஆண்டுக்குப் பத்து ஏடுகளை நூலகம் தேர்ந்தெடுக்கட்டும். ஆய்வாளரை நாற்பது பக்கத்தில் தமிழில் எழுதித் தரச் சொல்லட்டும். அதை எடுத்துக்கொண்டு, தகவல் கொடுத்த ஊருக்கே போய், கிளை நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ உட்கார்ந்து வாசிக்கட்டும். நம் ஏரியின் மதகு எண்ணிக்கையைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள் என்று யாராவது ஒரு பெரியவர் எழுந்து சொல்வார். அந்தத் திருத்தமும் ஏட்டோடு சேர்த்து அலமாரிக்கு வரட்டும். போகிற இடத்தில் வீட்டுப் பரணில் கிடக்கும் ஓலைச்சுவடி, பழைய பத்திரம், கல்யாணப் பத்திரிகை எதையாவது கொண்டுவந்தால், அதை எப்படித் துடைப்பது, எங்கே வைப்பது என்று சொல்லிக் கொடுத்து, ஸ்கேன் செய்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதைக் கிளை நூலகரால் தனியாகச் செய்ய முடியாது. பயிற்சி பெற்ற ஆள் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறார்.

இந்த யோசனையை ஒரு நூலக நண்பரிடம் சொன்னபோது, “நாக் கமிட்டிக்கு இது எக்ஸ்டென்ஷன் ஆக்டிவிட்டியில் வருமா?” என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. நாக் செய்யும் தர மதிப்பீட்டில் விரிவாக்கப் பணிக்கு மதிப்பெண் உண்டு; ஜியோடேக் போட்ட புகைப்படம் இல்லாமல் எந்த விழாவும் நடந்ததாக ஆகாது. வரும், தாராளமாக வரும் என்றேன். மன்னார்குடி மதகடியில் எடுத்தாலும் ஜியோடேக் விழுமே.

ஆள் எங்கே என்றும் கேட்டார். அது நியாயமான கேள்வி. இருக்கிறவர்களுக்கே இரண்டு பேர் வேலை. ஆனால் நூலக அறிவியல் துறையின் முதுகலை மாணவர்கள் இருக்கிறார்கள். பின்னாளில் ரங்கநாதன் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்ச ரூபாயை எடுத்து, மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியலுக்கென்று மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து ஒரு பேராசிரியர் இருக்கையை நிறுவக் கொடுத்தார். அன்றைக்கு அது பெரிய தொகை. அந்தப் படிப்பைப் படிக்கிறவர்களின் செய்முறைப் பயிற்சியில் ஒரு பருவத்தை இதற்கு ஒதுக்கலாம். பகுப்பு எண் போடக் கணினி இருக்கிறது. ஒரு ஏட்டுக்கு வாசகர் எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க ஆள்தான் பஸ் ஏறிப் போக வேண்டும்.