அண்ணன்மார் அமைத்த ஓடுபாதை

மும்பை மாநகரில் குர்லாவிலும் காட்கோபரிலும் குடியிருக்கும் நம் அன்பர்களுக்கு விமானம் ஒரு புதுமையன்று. கிழக்கிலிருந்து வந்து இறங்கும் விமானங்கள் அவர்கள் கூரைக்கு மேலாகவே செல்கின்றன. குழந்தை உறங்குவதும், மாணவன் பாடம் படிப்பதும், நோயாளி கண்ணயர்வதும் அந்த ஓசையின் தயவினால்தான். “விமான நிலையம் இன்னும் பெருகினால் நம் வீடு என்னாகும்?” என்பது அவர்கள் நெஞ்சில் நெடுநாளாக உள்ள கேள்வி. அதனை இத்திங்கள் ஆராய்வோம்.

விமான நிலையம் பெருகுவதே தவறு என்று நாம் கூறமாட்டோம். ஊருக்குப் போக நாமும் விமானம் ஏறுகிறோம். நம் பிள்ளைகள் சிலருக்கு அங்கேதான் உத்தியோகம். 2024-25ஆம் ஆண்டில் இந்நிலையத்தைப் பயன்படுத்திய பிரயாணிகள் சுமார் 5.5 கோடி. இங்குள்ள இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால், ஒரு நேரத்தில் ஒன்றே பயன்படும். அப்படியிருந்தும் 2018 டிசம்பரில் ஒரே நாளில் 1,007 முறை விமானங்கள் ஏறி இறங்கின. நெருக்கடி மெய்யானதே. அதைத் தீர்ப்பதற்கான விலையை யார் கொடுப்பது என்பதே வினா.

அவ்விலையில் முதலாவது ஓசை. 2000ஆம் ஆண்டின் விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு கட்டின. 2018இல் மத்திய அரசு விமான நிலையச் சுற்றுப்புறங்களுக்கெனத் தனி வரம்பு வகுத்தது. போக்குவரத்து மிகுந்த நிலையங்களுக்கு அது பகலில் 70, இரவில் 65. டெசிபல் என்பது சாதாரணக் கூட்டல் கணக்கன்று. பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். இருபது கூடினால் நூறு மடங்காகும். வரம்பு இரண்டு, கேட்கும் காது ஒன்றே அன்றோ!

இரண்டாவது அச்சம். 2018 ஜூன் 28ஆம் நாள் காட்கோபரில் சிறு விமானமொன்று வீழ்ந்து, அதிலிருந்த நால்வரும் தெருவில் நடந்து சென்ற ஒருவரும் மாண்டனர். 2025 ஜூன் 12ஆம் நாள் அகமதாபாத்தில் மருத்துவக் கல்லூரி விடுதியின் மீது பெரிய விமானம் வீழ்ந்தபோது, தரையில் இருந்தோர் மட்டும் 19 பேர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்து அரிது. ஆயினும் அரிதென்னும் சொல் அந்தக் குடும்பங்களுக்கு ஆறுதலாகாது.

மூன்றாவது இடப்பெயர்ச்சி. இதில் தமிழருக்குத் தனிப் பங்கு உண்டு. சாகர் பகுதியில், பன்னாட்டு நிலையத்தின் எதிரே, அண்ணாவாடி என்றொரு குடிசைப் பகுதி தோன்றியது. 1991இல் ஓடுபாதையைச் செப்பனிடத் தமிழகத்திலிருந்து லாரிகளில் அழைத்து வரப்பட்ட தொழிலாளர்கள், வேலை முடிந்தபின் சேற்று நிலத்தைத் தூர்த்து அங்கேயே தங்கினர். அவர்களை அயலார் ‘அண்ணா’ என்று அழைக்க, ஊருக்கும் அதுவே பெயராயிற்று. கேத்தரின் பூ என்ற அமெரிக்க எழுத்தாளர் 2012இல் வெளியிட்ட நூலால் இச்செய்தியை உலகம் அறிந்தது. ஓடுபாதையைச் செப்பனிட்ட கைகளுக்கு அதன் அருகில் ஓர் அடி நிலமும் உரிமையில்லை என்பதே அக்கதையின் சாரம். குடிசை அகற்றப்படும்போது, 2000 ஜனவரி முதல் நாளுக்கு முன் குடியேறியதை ஆவணத்தால் மெய்ப்பித்தவருக்கே இலவச மாற்று வீடு. 2011க்கு முன் வந்தவருக்கு விலை கொடுத்து வீடு. உழைத்த ஆண்டுகளை எவரும் கேட்பதில்லை, காகிதத்தையே கேட்கின்றனர்.

இதனோடு நவி மும்பையை ஒப்பிட்டுப் பார்ப்போம். பன்வேல் அருகே 1,160 ஹெக்டேர் பரப்பில் அமைந்த புதிய விமான நிலையம் 2025 அக்டோபர் 8ஆம் நாள் திறக்கப்பட்டு, டிசம்பர் 25ஆம் நாள் முதல் விமானங்களை ஏற்று வருகிறது. அதற்காகப் பத்துக் கிராமங்களின் மக்கள் வீடுவாசலை விட்டு அகன்றனர். ஆனால் அம்மக்களுக்கு ஒரு பழைய பாடம் துணை நின்றது. 1984இல் நவி மும்பை நகருக்கென நிலம் எடுத்தபோது தி. பா. பாட்டீல் தலைமையில் உழவர்கள் கிளர்ந்தனர். துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். அதன் பயனாக, எடுத்த நிலத்திற்கு ஈடாக 12.5 சதவீதம் பண்படுத்திய நிலம் தரும் திட்டம் பிறந்தது. விமான நிலையத்திற்கு நிலம் தந்தோர் 2013இல் 22.5 சதவீதம் பெறும் உடன்பாட்டை எய்தினர். நிலப்பட்டா ஒரு வலிமை. ஒன்றுபட்டுப் பேசியது மற்றொரு வலிமை. முதலாவது நம் தொழிலாளரிடம் இல்லை. இரண்டாவதைத் தேடிக்கொள்ள யார் தடை?

ஆதலின் அன்பர்கள் சில காரியங்களைச் செய்தல் நலம். குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியலில் உள்ள பதிவு, பழைய மின்கட்டணச் சீட்டு ஆகியவற்றைக் குப்பையென்று எறியாது பேணுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் திட்டங்களுக்குப் பொதுவாகப் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தவேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் அறிவிக்கை விதிக்கிறது; குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பும் உண்டு. திட்டச் சுருக்கம் ஆங்கிலத்திலும் மாநில மொழியிலும் கிடைக்கும். மராத்தி வாசிக்க அறியாத மூத்தோர் நம்மிடை அநேகர். அச்சுருக்கத்தைத் தமிழில் படித்துச் சொல்வது நம் இளைஞர் கடமை. அயலில் வாழும் மராத்தியரையும் உத்தரப் பிரதேசத்தாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். விமான ஓசை மொழி பார்த்து இறங்குவதில்லை.

இரவு விமானங்களைக் குறைத்தல், பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஓசைத்தடுப்பு, வேலைக்கு நடந்து செல்லும் தொலைவில் மாற்று வீடு: இம்மூன்றும் பேராசையான கோரிக்கைகள் அல்ல. விமானம் ஏறுவோருக்கு வேண்டிய வசதிகளைக் கணக்கிடும் நிபுணர்கள், அதன்கீழ் வாழ்வோரையும் அதே ஏட்டில் கணக்கிடட்டும். அதுவரை கேட்டுக்கொண்டேயிருப்பது நம் பொறுப்பு.