நோவாத கட்டி

நோவு உண்டாயின் நோய் உண்டு, நோவில்லையேல் நோயுமில்லை என்று கருதுதல் நம்மவரின் நெடுநாளைய வழக்கம். பல்வலிக்கு இக்கணக்கு ஒருவாறு பொருந்தும். சார்க்கோமா என்னும் புற்றுநோய்க்கோ சிறிதும் பொருந்தாது.

கிரேக்க மொழியில் ஊனைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். தசை, கொழுப்பு, நரம்பு, இரத்தக் குழாய் முதலிய மெல்லிய பகுதிகளில் அது தோன்றும். வளர்ந்தோர்க்கு வரும் புற்றுநோய்களில் அது நூற்றுக்கு ஒன்றளவே. அவ்வொன்றனுள்ளும் ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள் உள. இத்துணை அரிய நோயைப் பொதுமக்கள் அறிந்து யாது பயன் என்பாரும் உளர். அவர் கூற்றை யாம் ஒப்போம். கட்டியை முதலிற் காண்பவர் வைத்தியரல்லர்; அதனை உடையவரே.

மாணவர் சிறப்பாக அறியத்தக்கது சைனோவியல் சார்க்கோமா. இளம்பருவத்தினரை மிகுதியாகப் பற்றும் இது முழங்காலை அடுத்துத் தோன்றுதல் பெருவழக்கு. மூட்டுச் சவ்வின் பெயரைத் தாங்கினும் அச்சவ்வில் இது பிறப்பதன்று. பெயரிட்டோர் பிழை பெயரளவில் நிலைத்துவிட்டது! எக்ஸ் குரோமோசோமும் 18-ஆம் குரோமோசோமும் தம்முள் துண்டு மாறி ஒட்டிக்கொள்வதே இதன் அடையாளம். பந்தாட்டத்திற் பட்ட அடியென்று எண்ணி எண்ணெய் தேய்த்து மாதங்களைக் கழிப்பாருமுண்டு. அடியால் வந்த வீக்கம் நாளடைவில் வற்றும். இது வற்றாது, வளரும்.

உடம்பில் எழும் கட்டிகளிற் பெரும்பாலன தீங்கற்ற கொழுப்புக் கட்டிகளே. ஆதலின் யாரும் அஞ்சி நடுங்கவேண்டுவதில்லை. ஆயின் 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதும், வளர்ந்து வருவதும், தசைக்குள் ஆழ்ந்திருப்பதும் நோவாவிடினும் காட்டத்தக்கனவே. அத்தகைய கட்டியை எம்.ஆர்.ஐ. படம் எடாமலும், ஊசியாற் சிறு துண்டெடுத்துச் சோதியாமலும் அவசரமாக அறுத்தெறிதல் தகாது. புற்றணுக்கள் எஞ்சி நிற்க, முன்னினும் அகலமாக மீண்டும் அறுக்க நேரும். அடையாற்றில் 1954-இல் நிறுவப்பெற்ற புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களை முதலிலேயே நாடுதல் நன்று.

கால் போய்விடுமே என்னும் அச்சமும் பலரைத் தடுக்கின்றது. முன்னாளில் அவ்வச்சம் நியாயமே. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தார் 43 நோயாளிகளை ஆராய்ந்து 1982-இல் முடிபு வெளியிட்டனர். 16 பேருக்கு உறுப்பு நீக்கப்பட்டது. 27 பேருக்குக் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச் சிகிச்சை அளித்தனர். பின்னவருள் நால்வர்க்கு நோய் அவ்விடத்தே மீண்டதெனினும், உயிர் பிழைத்தலில் இருதிறத்தார்க்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. இன்று தக்க மருத்துவமனைகளில் கைகாற் சார்க்கோமா உற்றவருட் பெரும்பாலார் அவ்வுறுப்பை இழவாமலே சிகிச்சை பெறுகின்றனர்.