மனக்குறை சொல்லத் தாய்மொழி வேண்டும்

தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, ஃபைலைப் பிரித்தால் எழுத்து மனதில் ஏறவில்லை என்று ஐதராபாத்தில் ஒரு தமிழர் சொன்னால், இ.சி.ஜி. எடுக்கச் சொல்ல நாலு பேர் வருவார்கள். அது தவறல்ல. தைராய்டு கோளாறுகூட இப்படிப் படபடப்பைத் தரும். ஆனால் உடம்பில் குறையில்லை என்று பார்த்த டாக்டர், "கிளினிக்கல் சைக்காலஜிஸ்டைப் பாருங்கள்" என்று எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டு சட்டைப் பையை விட்டு வெளியே வருவதில்லை. சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' எப்படி ஏச்சுச் சொல்லாயிற்றோ, இங்கே 'எர்ரகட்டா' அப்படி ஆகிவிட்டது. இரண்டு இடங்களிலும் இருப்பவை நோய் தீர்க்கும் அரசு மருத்துவமனைகளே. ஊர்ப் பேச்சுக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததே அச்சத்துக்குப் பாதிக் காரணம். மருந்து எழுதுபவர் மனநல டாக்டர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஊசி போடுவதில்லை, மாத்திரையும் தருவதில்லை. அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் தவறில்லை. முதல் சந்திப்பு பெரும்பாலும் முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரம். தூக்கம், பசி, வேலை, குடும்பம், குடி, கடன் எல்லாம் கேட்பார். சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்றும் கேட்பார். அது எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். கேட்பதால் அந்த எண்ணம் வளர்ந்துவிடாது. சில வேளை வினாத்தாளோ, மைக்கறைப் படமோ தருவார். அதில் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. ஒரே நாளில் குணம் எதிர்பார்க்கக் கூடாது. பல வாரம் போக வேண்டியிருக்கும். இடையே வீட்டில் செய்து பார்க்கச் சில பயிற்சிகளும் சொல்வார்.

ஆபீஸுக்குத் தெரிந்துவிடுமே என்பது கிளார்க்குகளின் கவலை. சொன்னதை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் கட்டளையிடுகிறது. உயிருக்கு ஆபத்து, கோர்ட்டு உத்தரவு போன்ற சில நிலைகளில் மட்டுமே விலக்கு உண்டு.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஒன்று குறைகிறது. இந்தச் சிகிச்சைக்குப் பேச்சே மருந்து. காய்கறி வாங்கவும் மேஸ்திரியிடம் கூலி கேட்கவும் போதுமான தெலுங்கும் இந்தியும் இங்கே போதாது. "மனசு வெறிச்சுனு இருக்கு", "என்னமோ மாதிரி வருது" என்பதைக் கடைத்தெருத் தெலுங்கில் எப்படிச் சொல்வது? "தலைநோவு" என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார் தொழிலாளி. சரியாகப் புரியாத மொழியில் வைத்த சோதனையும் மனதை அளக்காது. மொழியறிவைத்தான் அளக்கும்.

பள்ளியில் தெலுங்கு படித்த மகனையோ மகளையோ மொழிபெயர்க்க அழைத்துப் போவது பல வீடுகளில் வழக்கம். இதை நிறுத்த வேண்டும். கடனையும், குடியையும், மனைவியோடு உள்ள பிணக்கையும், சாகத் தோன்றியதையும் எந்தத் தகப்பன் பிள்ளையின் வாய்வழியே சொல்லுவான்? சொன்னாலும், அதைக் கேட்ட பிள்ளை என்ன ஆகும்?

வழி இல்லாமல் இல்லை. நேரம் கேட்கும்போதே தமிழ் தெரிந்தவர் உண்டா என்று விசாரிக்கலாம். இல்லையென்றால், குடும்பத்தைச் சேராத, வாய் காக்கும் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளச் சம்மதம் கேட்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். கட்டணம் கிடையாது. அது சேவை தரும் 20 மொழிகளில் தமிழும் ஒன்று.

இரட்டை நகரத் தமிழ் அமைப்புகளுக்கும் இதில் கடமை உண்டு. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடக்கட்டும். கூடவே, தமிழ் பேசும் மனநல நிபுணர்கள் இங்கே யார் யார் என்று ஒரு பட்டியல் தயாரித்து, ஃபாக்டரி வாசல்களிலும் ரயில்வே குடியிருப்புகளிலும் ஒட்டினால் பெரிய செலவாகாது. தமிழ் வளர்ப்பதாகச் சொல்லும் சங்கம், துயரத்தைச் சொல்லத் தமிழ் தேடி அலைபவனுக்கும் உதவ வேண்டும்.